எம்-ஒன்: போர்டை விட்டு பெஞ்சு ஓரத்துக்கு

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்துக்கு ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) மாறும்போது பெயரும் மாறும். 2017 ரெகுலேஷனில் இன்ஜினியரிங் மேத்தமெடிக்ஸ் ஒன்று. 2021 ரெகுலேஷனில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். பையன்களுக்கு அது என்றைக்கும் எம்-ஒன்தான். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே சீனியர்கள் ஓதிவிடுவார்கள்: "எம்-ஒன்னை முதல் தடவையே தூக்கிடுடா, இல்லேன்னா ஃபைனல் இயர் வரைக்கும் கூடவே வரும்." அந்தப் பயத்தோடுதான் வகுப்புக்குள் வந்து உட்காருகிறார்கள்.

இந்தப் பாடத்தை ஒரு சுயநிதிக் கல்லூரியில் பல வருடமாக நடத்திவருகிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் நோட்ஸும் இம்பார்ட்டன்ட் கொஸ்டினும்தான். நான் சொல்வது வேறு. போர்டில் போடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சு ஓரம் நின்று மாணவன் எழுதுவதைப் பார்ப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கே தடுக்கி விழுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. பேப்பர் திருத்தும்போது நமக்குத் தெரியவரும், ஆனால் அதற்குள் அவன் அதே தவறை இருபது கணக்கில் செய்து பழகியிருப்பான். பேனா ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் அந்த வரியிலேயே பிடித்துவிடலாம்.

சொல்வது சுலபம். ஐந்து யூனிட், மொத்தம் 60 பீரியட் என்று 2021 சிலபஸ் சொல்கிறது. வாரத்துக்கு மூன்று பீரியட் பாடம், ஒரு பீரியட் டுட்டோரியல். கவுன்சலிங் முடிந்து, இண்டக்‌ஷன் முடிந்து, ஐடி கார்டுக்கு போட்டோ எடுத்து முடிப்பதற்குள் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். அப்புறம் தீபாவளி, அதன் பின்னாலேயே மழை லீவு. போர்ஷன் முடிய வேண்டுமே என்ற பதற்றத்தில் முதலில் பலியாவது டுட்டோரியல் பீரியட்தான். அதிலும் போர்டில் நாமே இரண்டு கணக்கைப் போட்டுவிடுவோம். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்பார்கள். பொய் இல்லை, நாம் போட்டது அவர்களுக்குப் புரிந்துதான் இருக்கும். தானாகப் போடுவது தனி வேலை.

டுட்டோரியலில் நான் ஒரே ஒரு கணக்குதான் கொடுப்பேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். 60 பேர் இருக்கும் வகுப்பில் எல்லோரையும் பார்க்க முடியாது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு வரிசை. அந்த வரிசையில் இருப்பவர்கள் எழுதுவதை நின்று நிதானமாகப் பார்ப்பது, மற்றவர்களைக் கடந்து போவது. அடுத்த வாரம் அடுத்த வரிசை. கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குவது என் வழக்கம், அங்கேதான் அதிகம் கற்றுக்கொள்ளக் கிடைக்கும். எனக்கு.

ஒரு உதாரணம் சொன்னால்தான் விளங்கும். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்த எவரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஞாபகம் வரக்கூடிய மேட்ரிக்ஸ் ஒன்று உண்டு. முதல் வரிசை 6, −2, 2. இரண்டாவது −2, 3, −1. மூன்றாவது 2, −1, 3. குவாட்ராடிக் ஃபார்மை கனானிகல் ஃபார்மாக, அதாவது வர்க்கங்கள் மட்டும் உள்ள வடிவமாக, மாற்று என்று 16 மார்க்கில் கேட்பார்கள். மூலைவிட்டக் கூட்டல் 12. எஸ்-டூ, அதாவது மூலைவிட்ட உறுப்புகளின் சிற்றணிக்கோவைகளைக் கூட்டினால் வருவது, 36. டிடர்மினன்ட் 32. ஆகவே லாம்டா கியூப், மைனஸ் 12 லாம்டா ஸ்கொயர், பிளஸ் 36 லாம்டா, மைனஸ் 32 ஈக்குவல் டு பூஜ்யம். இதன் மூலங்கள்தான் ஐகன் வேல்யூ: 8, 2, 2. இதுவரை வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வந்துவிடுவார்கள்.

அடுத்து ஐகன் வெக்டர், அதாவது மேட்ரிக்ஸால் பெருக்கினாலும் திசைக்கோடு மாறாத வெக்டர். மூலைவிட்டத்திலிருந்து லாம்டாவைக் கழிக்க வேண்டும். லாம்டா 8 என்று போட்டால் முதல் இரண்டு வரிசைகள் −2, −2, 2 என்றும் −2, −5, −1 என்றும் வரும். குறுக்குப் பெருக்கலில் எக்ஸுக்குக் கீழே வரவேண்டியது, −2-ஐ −1-ஆல் பெருக்கி, அதிலிருந்து 2-ஐ −5-ஆல் பெருக்கியதைக் கழிப்பது. 2, மைனஸ் ஆஃப் மைனஸ் 10. அதாவது 12. இங்கேதான் பேனா ஒரு நொடி நிற்கும். பலர் 2 − 10 என்று எழுதி −8 என்று போடுவார்கள். அங்கிருந்து எல்லாம் ஒழுங்காகவே போகும்: −8, −6, 6, சுருக்கினால் 4, 3, −3. பார்க்க அழகான விடை. மாணவன் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. இதே பையன் ஆபீஸ் ரூமுக்கு வந்து "ஐகன் வெக்டர் புரியல சார்" என்பான். நாம் ஐகன் வெக்டரை முதலிலிருந்து விளக்க ஆரம்பிப்போம். அவனுக்கு ஐகன் வெக்டரில் ஒரு குழப்பமும் இல்லை. எட்டாம் வகுப்பு மைனஸில்தான் சிக்கல்.

மைனஸைத் திரும்ப நடத்துவதில் பலன் இல்லை, கேட்டால் ரூல் சரியாகச் சொல்வான். அதைவிட, தானே சோதித்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொடுக்கலாம். முதல் இரண்டு வரிசையை வைத்து விடை கண்டுபிடித்தாயா? பயன்படுத்தாத மூன்றாவது வரிசையில் போட்டுப் பார். மூன்றாவது வரிசை 2, −1, −5. தப்பான விடையைப் போட்டால் 8 − 3 + 15, இருபது வருகிறது. சரியான விடை 2, −1, 1. அதைப் போட்டால் 4 + 1 − 5, பூஜ்யம். பத்து விநாடி வேலை. ஐகன் வேல்யூவுக்கும் இதே மாதிரி: மூன்றையும் கூட்டினால் மூலைவிட்டக் கூட்டல் வர வேண்டும், பெருக்கினால் டிடர்மினன்ட் வர வேண்டும். இதை இரண்டு மார்க் கேள்விக்கான பிராப்பர்ட்டியாக மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். 16 மார்க் கணக்கைச் சரிபார்க்க அதையே எடுக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது லாம்டா 2. மூன்று வரிசையும் ஒரே வரிசையின் மடங்காகவே வரும்: 4, −2, 2; −2, 1, −1; 2, −1, 1. குறுக்குப் பெருக்கல் போட்டால் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இந்த இடத்தில் வகுப்பே அமைதியாகிவிடும். சிலர் 0, 0, 0 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். நன்றாகப் படிக்கிற பெண்கள் நோட்டில் உள்ளபடி எக்ஸ் பூஜ்யம் என்று வைத்து 0, 1, 1 எடுத்துவிடுவார்கள். அப்புறம் இசட் பூஜ்யம் என்று வைத்து 1, 2, 0 எடுப்பார்கள். இரண்டுமே சரியான ஐகன் வெக்டர்கள்தான். ஆனால் ஒன்றுக்கொன்று செங்குத்து இல்லை. முதலில் உள்ளதையும் இரண்டாவதையும் உறுப்பு உறுப்பாகப் பெருக்கிக் கூட்டினால் 2 வருகிறது. இதை வைத்து மேலே போனால் கடைசியில் டயாகனல் மேட்ரிக்ஸ் வராது. வராவிட்டாலும் 8, 2, 2 என்று எழுதி முடித்துவிடுவார்கள், விடைதான் முன்னாலேயே தெரியுமே!

இங்கே மட்டும் நான் போர்டுக்குத் திரும்பிப் போவேன். வகுப்பறைச் சுவரைக் காட்டுவேன். 2, −1, 1 என்பது சுவரிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி. லாம்டா 2-க்குக் கிடைப்பது ஒரு திசை இல்லை. அந்தச் சுவர் முழுவதுமே. சுவரில் எந்தக் கோடு போட்டாலும் அது ஆணிக்குச் செங்குத்து. ஆனால் நமக்கு வேண்டியது சுவரில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோடுகள். முதல் கோட்டை உன் இஷ்டத்துக்குப் போடு. இரண்டாவதை இஷ்டத்துக்குப் போட முடியாது, ஆணிக்கும் முதல் கோட்டுக்கும் செங்குத்தாக இருக்க வேண்டும். முதல் கோடு 0, 1, 1 என்றால் கிடைப்பது 1, 1, −1. சுவரைப் பார்த்தவர்கள் யாரும் அப்புறம் 1, 2, 0 எழுதி நான் பார்த்ததில்லை. "மூன்றாவது வெக்டரை இப்படி அசம்ப்ஷன் போட்டுக் கண்டுபிடி" என்று வெறும் ஸ்டெப்பாகப் படித்தவர்கள் அடுத்த மாதமே மறந்துவிடுகிறார்கள்.

ஆசிரியர்களுக்காக ஒரு தொழில் ரகசியம். மேலே சொன்ன மேட்ரிக்ஸ் எங்கிருந்து வந்தது? 2, −1, 1 என்ற வெக்டரை நெடுக்காகவும் கிடையாகவும் எழுதிப் பெருக்குங்கள். 4, −2, 2 என்று தொடங்கும் மேட்ரிக்ஸ் வரும். அதன் மூலைவிட்டத்தில் மட்டும் 2-ஐக் கூட்டுங்கள். அவ்வளவுதான். ஐகன் வேல்யூ 2, 2, அப்புறம் 2 கூட்டல் அந்த வெக்டரின் வர்க்கங்களின் கூடுதல் 6, ஆக 8. இந்த வழியில் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் தயாரிக்கலாம். 1, 2, 2 எடுத்து மூலைவிட்டத்தில் 1 கூட்டினால் 2, 2, 2. 2, 5, 4. 2, 4, 5 என்று வரும், ஐகன் வேல்யூ 1, 1, 10. இன்டர்னல் டெஸ்டுக்கு இப்படிப் புதிதாக ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டால், வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்-ஐ மனப்பாடம் செய்தவன் யார், போடத் தெரிந்தவன் யார் என்று ஒரே டெஸ்டில் தெரிந்துவிடும். விடை முழு எண்ணாகவே வருவதால் மாணவர்களுக்கும் கஷ்டமில்லை.

கால்குலேட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். கேசியோ 991 இல்லாத முதலாண்டு மாணவன் இல்லை. மூன்றாம் படிச் சமன்பாட்டை ஈக்வேஷன் மோடில் போட்டு விடை எடுத்துவிடுவான். அதைத் தடுக்கும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேர்வு ஹாலில் அது கையில் இருக்கத்தான் போகிறது. அதன் குணத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும். மைனஸை விட்டுவிட்டு நம்பர் தட்டினால் நீளமான தசமமோ காம்ப்ளெக்ஸ் எண்ணோ வரும். பல்கலைக்கழகக் கேள்வித்தாளில் ஐகன் வேல்யூ அப்படி வந்தால் முதலில் உன் சமன்பாட்டைச் சந்தேகப்படு. சிமெட்ரிக் மேட்ரிக்ஸ் என்றால் காம்ப்ளெக்ஸ் வரவே வராது. இரட்டை மூலம் வரும் கணக்கில் கால்குலேட்டர் 8, 2 என்று இரண்டை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடலாம். மூன்றாவது எங்கே என்று பதறாதே, கூட்டல் 12 வர வேண்டும், ஆகவே அது 2.

கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தில், அதாவது லாம்டாவுக்குப் பதில் மேட்ரிக்ஸையே போட்டாலும் அந்தச் சமன்பாடு பூஜ்யமாகும் என்பதில், பெஞ்சு ஓரம் நின்று பார்த்தால் தெரிவது ஒன்றே ஒன்று: கடைசி மாறிலிக்குப் பக்கத்தில் 'ஐ' என்ற அலகு மேட்ரிக்ஸைப் போட மறப்பது. மேட்ரிக்ஸிலிருந்து வெறும் 32-ஐக் கழிக்க முடியாது என்று ஒருமுறை உறைத்துவிட்டால் போதும். மற்றபடி அது உழைப்புக் கணக்கு. எல்லோரும் மார்க் வாங்கிவிடுவார்கள். 1858-இல் கெய்லி இதை வெளியிட்டபோது சிறிய மேட்ரிக்ஸ்களுக்குச் சரிபார்த்துவிட்டு, பொதுவான நிரூபணம் எழுதத் தேவையில்லை என்று விட்டுவிட்டார். இதைச் சொன்னால் பசங்களுக்கு அவர்மேல் தனிப் பாசமே வந்துவிடுகிறது.

ஆங்கிலம் ஒரு தனிக் கதை. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபிறகு, தமிழ்வழியில் படித்தவர்கள் எங்கள் வகுப்பில் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அணிக்கோவையும் நேர்மாறும் தரமும் போட்டு நல்ல மார்க் எடுத்தவர்கள், முதல் வாரம் வாயே திறப்பதில்லை. கணக்கு தெரியாமல் இல்லை. போர்டின் வலது ஓரத்தில் ஒரு பட்டை ஒதுக்கி, அன்றைக்குப் பேசப்போகும் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்துவிடுவேன். அதை அழிக்கக்கூடாது என்று கிளாஸ் ரெப்பிடம் சொல்லிவிடுவேன். கொஞ்ச நாளில் அது தேவைப்படாது. அதைவிட முக்கியம், பெஞ்சு ஓரத்தில் தமிழில் பேசுவது. "என்னம்மா, இங்க எதுக்கு இதைக் கழிச்சே?" என்று கேட்டால் பதில் வரும். அதையே ஆங்கிலத்தில் கேட்டால் எழுந்து நின்றுவிடுவார்கள்.

2021 சிலபஸில் மேட்ரிக்ஸ் யூனிட்டின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: எலாஸ்டிக் மெம்பரேனை இழுப்பது. பலர் ஒரு கணக்கோடு கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த யூனிட்டை அங்கிருந்துதான் தொடங்கப் பிடிக்கும். சைக்கிள் கடையில் பழைய ட்யூப் ஒன்று கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதை வெட்டி விரித்து, சாக்பீஸால் ஒரு வட்டம், அதன் மையம் வழியாக நாலைந்து கோடுகள். இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்க வேண்டும். வட்டம் முட்டை வடிவமாகும். கோடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இழுக்கும் திசையில் உள்ள கோடு நீளும், ஆனால் திரும்பாது. அதற்குச் செங்குத்தான கோடு கொஞ்சம் சுருங்கும், அதுவும் திரும்பாது. மற்ற கோடுகள் எல்லாம் சாய்ந்துவிடும். திரும்பாத அந்த இரண்டும்தான் ஐகன் வெக்டர், எத்தனை மடங்கு நீண்டது அல்லது சுருங்கியது என்பது ஐகன் வேல்யூ. ஒன்று 1-க்கு மேல், மற்றது 1-க்குக் கீழ். அதன்பிறகு 5, 3. 3, 5 என்ற மேட்ரிக்ஸைக் கொடுத்தால், 45 டிகிரி திசையில் 8 மடங்கு, அதற்குச் செங்குத்தாக 2 மடங்கு என்று அவர்களே சொல்கிறார்கள். "8 மடங்கு இழுத்தா ட்யூப் அறுந்துடும் சார்" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். சொல்லட்டும், கவனிக்கிறான் என்று அர்த்தம்.

"இதனால என்ன யூஸ் சார்?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் சொல்லித் தப்பிக்கக் கூடாது. எதிரே இருப்பது எந்த பிராஞ்ச் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் பேஜ்ரேங்க். 1998-இல் கூகுள் தொடங்கிய இருவரும் வலைப்பக்கங்களை வரிசைப்படுத்திய முறை, அடிப்படையில் பெரிய மேட்ரிக்ஸ் ஒன்றின் ஐகன் வெக்டரைக் கண்டுபிடிப்பதுதான். மெக்கானிக்கலும் சிவிலும் என்றால், அடுத்த வருடம் பிரின்சிபல் ஸ்ட்ரெஸ் என்று வரப்போவது இதே கணக்குதான், பெயர் மட்டும் வேறு.

இரண்டாவது யூனிட்டில் வகையீடு. நான்காவதில் தொகையீடு. இவற்றில் பெரும்பகுதி பன்னிரண்டாம் வகுப்பிலேயே பார்த்தது. சூத்திரங்கள் தெரியும், பார்ஷியல் ஃபிராக்‌ஷனில் ஏ, பி கண்டுபிடிக்கும்போதுதான் சறுக்குவார்கள். போர்டில் நேரம் செலவழிக்காமல் டுட்டோரியலில் வைத்துக்கொள்ளலாம். நான்காவது யூனிட்டில் ஒன்றை மட்டும் விடாதீர்கள், ஹைட்ரோஸ்டாடிக் ஃபோர்ஸ், அதாவது நிற்கும் நீர் சுவரைத் தள்ளும் விசை. ஆங்கிலப் புத்தகங்களில் மீன் தொட்டி, நீச்சல் குளம் என்று போட்டிருக்கும். நான் மேட்டூரை எடுத்துக்கொள்வேன். நீர்மட்டம் 120 அடி என்பது நம் வீட்டில் பேப்பர் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த எண். செங்குத்தான சுவர், ஆழம் 120 அடி, அதாவது சுமார் 36.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, சுவரைக் கிடைமட்டப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் அழுத்தத்தையும் கூட்டினால், ஒரு மீட்டர் அகலச் சுவரின்மேல் சுமார் 670 டன் எடை அழுத்துகிறது. 60 அடிக்கு எவ்வளவு என்று கேட்பேன். "பாதி சார், 335" என்று வகுப்பே கத்தும். போட்டுப் பார்க்கச் சொன்னால் கால்வாசிதான் வரும், 167 டன் சொச்சம். அணைச் சுவர் அடியில் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று சிவில் மாணவன் தானாகவே கேட்பான். தொகையீடு எதற்கு என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது யூனிட்டில் ஆய்லர் தேற்றம், ஜேகோபியன், லாக்ராஞ்ச். மார்க்குக்குத் தோதான யூனிட், பயப்பட ஒன்றுமில்லை. மூடியில்லாத பெட்டி, கொள்ளளவு 32, குறைந்த தகடு எவ்வளவு என்ற கணக்கில் நீளம் 4, அகலம் 4, உயரம் 2 என்று வந்ததும், அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்க்கச் சொன்னால் இன்னும் நன்றாக நிற்கும். ஆய்லர் தேற்றத்தில் டேன் இன்வர்ஸ் உள்ள கணக்குகளில், யூ ஹோமோஜீனியஸ் இல்லை, டேன் யூ-தான் ஹோமோஜீனியஸ் என்பதை எழுதாமல் தாவிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்கு மார்க் உண்டு.

என் முழு பலத்தையும் வைத்திருப்பது ஐந்தாவது யூனிட்டுக்கு. செமஸ்டர் முடியும் அவசரத்தில் வரும் யூனிட் அது. அதனாலேயே அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். அதில் சேஞ்ச் ஆஃப் ஆர்டர், அதாவது இரட்டைத் தொகையீட்டில் எக்ஸ், ஒய் இரண்டில் எதை முதலில் தொகையிடுவது என்ற வரிசையை மாற்றுவது. மாணவர்கள் கேட்காத, ஆனால் மனதில் இருக்கும் கேள்வி: கொடுத்த வரிசையிலேயே போட்டால் என்ன? நாம் வழக்கமாகத் தொடங்கும் கணக்கு, எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் எக்ஸ் ஸ்கொயரிலிருந்து 2 மைனஸ் எக்ஸ் வரை, உள்ளே எக்ஸ் ஒய். இதைக் கொடுத்த வரிசையிலேயே நேராகப் போட்டாலும் 3/8 வந்துவிடும். மாற்றுவது வெட்டி வேலையாகவே தோன்றும். அதனால் நான் முதலில் கொடுப்பது வேறொன்று: இ-யின் அடுக்கில் மைனஸ் ஒய், கீழே ஒய், எக்ஸ் 0 முதல் முடிவிலி வரை, ஒய் எக்ஸிலிருந்து முடிவிலி வரை. போடச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவேன். பார்ட்ஸில் முயல்வார்கள், சப்ஸ்டிட்யூஷன் முயல்வார்கள், ஒன்றும் நடக்காது. நன்றாகத் தவித்தபிறகு வரிசையை மாற்றினால், உள்ளே எக்ஸைப் பொறுத்துத் தொகையிடும்போது கீழே இருந்த ஒய் அடிபட்டுப் போய், விடை வெறும் 1. கைதட்டல் கிடைக்கும் சில கணக்குகளில் இது ஒன்று.

அதன்பிறகு அந்த 3/8 கணக்குக்கு வருவோம். பெஞ்சு ஓரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் படத்தைச் சரியாகத்தான் வரைந்திருப்பார்கள்: பரவளையம், கோடு, ஒய் அச்சு. தவறு அடுத்த வரியில். எக்ஸ், ரூட் ஒய்-யிலிருந்து 2 மைனஸ் ஒய் வரை; ஒய், 0 முதல் 1 வரை என்று எழுதிவிடுவார்கள். இரண்டு வளைவும் கண்ணில் படுகிறது, இரண்டுக்கும் இடையில் என்று எழுதிவிட்டார்கள். அது பரவளையத்துக்கு வலப்பக்கம் உள்ள வேறொரு பகுதி. நமக்கு வேண்டியது இடப்பக்கம், ஒய் அச்சை ஒட்டி இருப்பது. படம் சரி. படத்தைப் பார்க்காமல் எல்லை எழுதுவதுதான் பிரச்சினை.

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி போதும். படத்தை நோட்டின் முழுப் பக்கத்துக்குப் பெரிதாக வரையச் சொல்வேன், நிழலடிக்கவும் வேண்டும். குச்சியை முதலில் செங்குத்தாக வை, இடமிருந்து வலமாக நகர்த்து. கீழ் நுனி எப்போதும் பரவளையத்தில், மேல் நுனி எப்போதும் கோட்டில். கொடுத்த கணக்கு இதுதான். இப்போது குச்சியைப் படுக்க வை, கீழிருந்து மேலே நகர்த்து. இடது நுனி எப்போதும் ஒய் அச்சில். வலது நுனி? முதலில் பரவளையத்தில் போகிறது. ஒய் 1-ஐத் தாண்டியதும் கோட்டுக்கு மாறிவிடுகிறது. நுனி ஆள் மாறும் இடத்தில் கணக்கு இரண்டாக உடைகிறது. கீழ்ப் பகுதி 1/6, மேல் பகுதி 5/24, கூட்டினால் 3/8. கொடுத்த வரிசையிலேயே போட்டாலும் அதுவே வர வேண்டும். நேரம் இருந்தால் தேர்வில் அப்படியே சரிபார்க்கலாம். குச்சியை நகர்த்தாமல் எல்லை எழுதக்கூடாது என்பது என் வகுப்பில் சட்டம். தேர்வு ஹாலில் குச்சிக்குப் பதில் ஸ்கேல்.

போலார் கோஆர்டினேட்டில் பேனா தவறும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததே, ஆர்-ஐ விட்டுவிடுவது. "ஆர் போடணும்" என்று நூறு தடவை சொல்வதைவிட, மையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தையும் தூரத்தில் ஒரு கட்டத்தையும் வரைந்து காட்டுங்கள். கோணம் ஒன்றுதான், ஆனால் தூரத்தில் உள்ள கட்டம் அகலம். அந்த அகலம்தான் ஆர் பெருக்கல் டி தீட்டா. இ-யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒய் ஸ்கொயர் கணக்கை இதற்குப் பிறகு போட்டால், ஆர் இல்லாமல் அந்தத் தொகையீடே முடியாது என்பதும் தெரிந்துவிடும். எக்ஸும் ஒய்யும் 0 முதல் முடிவிலி வரை என்றால் விடை π/4. அதிலிருந்து கிடைக்கும் ரூட் பை, இரண்டாவது செமஸ்டர் ஸ்டாடிஸ்டிக்ஸ் பாடத்தில் நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் சூத்திரத்தில் வந்து நிற்கும் என்று இப்போதே சொல்லி வைத்துவிடலாம்.

தேர்வைப் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். பார்ட் ஏ-யில் பத்து இரண்டு மார்க், 20. பார்ட் பி-யில் ஐந்து 16 மார்க், இதுவா அதுவா என்று, மொத்தம் 80. மூன்று யூனிட்டை நன்றாகப் போட்டாலே தேறிவிடலாம் என்று மாணவனுக்குத் தெரியும். அவனிடம் போய் ஐந்தையும் ரசித்துப் படி என்றால் கேட்க மாட்டான். அதனால் நான் பேரம் பேசுவேன்: முதல் யூனிட்டும் மூன்றாவதும் உன் மார்க்குக்கு, ஐந்தாவதின் படங்கள் எனக்கு. படம் வரைந்து குச்சியை வைத்து எல்லை மட்டும் சரியாக எழுதினால் இன்டர்னலில் பாதிக்கு மேல் மார்க் கொடுத்துவிடுவேன், தொகையீட்டில் தவறினாலும். இதைச் சில சக ஆசிரியர்கள் தாராளம் என்கிறார்கள். தொகையீட்டை இனி கம்ப்யூட்டரே போடும். எல்லையை மனிதன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக அரியர் மாணவர்கள். மூன்றாம் வருடத்தில் எம்-ஒன்னை இன்னும் சுமந்துகொண்டு வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு கைடும் பத்து இம்பார்ட்டன்ட் கணக்கும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நான் கேட்பது, முந்தைய தேர்வின் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தாயா என்றுதான். ரீவேல்யூஷனுக்கு முன்னால் பணம் கட்டி நகல் வாங்கலாம். ஆனால் மார்க் கூடுமா என்று பார்க்க மட்டும்தான் அதை வாங்குவார்கள், அப்புறம் பீரோவில் போட்டுவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு வா என்பேன். இருவரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, மார்க் போன இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிடுவோம். பெரும்பாலும் இரண்டே வகைத் தவறுகள்தான் தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அந்த இரண்டு வகைக்கு மட்டும் கணக்கு எழுதிக் கொடுப்பேன். என் மேஜை ஓரத்திலேயே உட்கார்ந்து போட்டுக் காட்ட வேண்டும், வீட்டில் போட்டுக் கொண்டுவந்தால் திருத்த மாட்டேன்.